மெத்திலீன் ப்ளூவை எடுக்கும் தொட்டிக்கரி சாயக்கழிவில் நிறம் எடுக்கவில்லை: எங்கே பிழை?

தேங்காய்த்தொட்டி (கேள்வி):

வணக்கம். பின்னலாடைச் சாயப்பட்டறைக் கழிவுநீரில் நிறம் நீக்குவதற்காகத் தேங்காய்த் தொட்டியில் இருந்து ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நுண்துளைகள் நிறைந்த கரி, செய்து பார்க்கிறோம். ஆய்வக அளவுதான். செய்முறையை முழுதாகத் தருகிறேன், எந்த இடத்தில் தப்பு என்று சொல்லுங்கள்.

நார் சுரண்டிய தொட்டியை உடைத்து 1 முதல் 2 மி.மீ. அளவுக்குச் சலித்தது. 50 கிராம் தூளுக்கு 85% பாஸ்பாரிக் அமிலம் 50 கிராம், அதாவது 1:1. அறை வெப்பத்தில் 24 மணி நேரம் ஊறல். 110 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தல். பிறகு மூடி போட்ட பீங்கான் குகையில் (குரூசிபிள்) வைத்து மஃபிள் உலையில் நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் 500 டிகிரி வரை ஏற்றி, அங்கே 1 மணி நேரம். ஆறிய பின் வாலை நீரில் (காய்ச்சி வடித்த நீர்) 12 முறை கழுவினோம். கழுவின நீரின் பிஎச் 4.2-இல் நின்றுவிட்டது, அதற்கு மேல் ஏறவே இல்லை. உலர்ந்த கரியின் எடை, எடுத்த தொட்டியில் 29%. குகையின் மேல்பக்கம் கொஞ்சம் சாம்பல் பூத்திருந்தது.

அயோடின் எண் (ஒரு கிராம் கரி எத்தனை மி.கி. அயோடினை எடுக்கும் என்ற அளவு) 780. மெத்திலீன் ப்ளூ சாயத்தைக் கிராமுக்கு 210 மி.கி. எடுக்கிறது. இதைப் பார்த்து நல்ல கரி என்றுதான் நினைத்தோம். ஆனால் ரியாக்டிவ் பிளாக் 5 சாயம், லிட்டருக்கு 100 மி.கி. கரைசலில் லிட்டருக்கு 1 கிராம் கரி போட்டு 2 மணி நேரம் குலுக்கினால் 14% நிறம்தான் குறைகிறது. பட்டறையில் இருந்து வந்த நிஜமான கழிவுநீரில் (பிஎச் 10.4) கண்ணுக்குத் தெரிகிற மாற்றமே இல்லை.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டுச் செய்தால் பரப்பளவு கிராமுக்கு 2000 சதுர மீட்டரைத் தாண்டும், அப்போது எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். அந்த வழிக்குப் போகலாமா? கழுவல் நீரை 7-க்குக் கொண்டுவர என்ன வழி?

---

நுண்துளை:

உங்கள் கரி மோசமான கரி இல்லை. அதற்குக் கொடுத்த வேலைதான் பொருந்தவில்லை.

மெத்திலீன் ப்ளூ நேர் மின்னூட்டம் கொண்ட சாயம். மூலக்கூறும் சிறியது, நீளம் ஏறக்குறைய 1.4 நானோமீட்டர், மூலக்கூறு எடை 320. ரியாக்டிவ் பிளாக் 5 எதிர் மின்னூட்டம் கொண்டது, எடை 992. பாஸ்பாரிக் அமிலத்தில் செய்த கரியின் மேற்பரப்பில் கார்பாக்சில், பாஸ்பேட் போன்ற அமிலத் தொகுதிகள் நிறைய. நீரில் போட்டதும் அவை புரோட்டானை விட்டுவிட்டு எதிர் மின்னூட்டம் கொள்கின்றன. நேர்ச் சாயத்தை வாரி இழுப்பதும் எதிர்ச் சாயத்தைத் தள்ளி நிறுத்துவதும் அந்த ஒரே குணம்தான். 210 என்ற எண்ணும் 14% என்ற எண்ணும் முரண் இல்லை, ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன.

இரண்டாவது துளை அளவு. தேங்காய்த் தொட்டி அடர்த்தியானது, லிக்னின் அதிகம். அதில் வரும் துளைகளில் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்குக் கீழ்தான். குடிநீரில் குளோரின் நீக்கவும், கரைப்பான் ஆவியைப் பிடிக்கவும், தங்கச் சுரங்கங்களில் சயனைடு கரைசலில் இருந்து தங்கத்தை எடுக்கவும் தொட்டிக்கரியைத் தேடுவது அதனால்தான்: சின்ன மூலக்கூறு, கடினமான மணி. ரியாக்டிவ் பிளாக் 5 போன்ற பெரிய அசோ சாயங்களுக்கு 2 முதல் 10 நானோமீட்டர் வரையிலான இடைத்துளைகள் வேண்டும். அயோடின் எண் சிறு துளைகளைத்தான் அளக்கிறது. உங்கள் 780, ரியாக்டிவ் சாயம் பற்றி எதுவும் சொல்லாது.

மூன்றாவது, பலரும் கவனிக்காத ஒன்று. பொடிச் சாயத்தை வெறும் தண்ணீரில் கரைத்தால் ரியாக்டிவ் பிளாக் 5-க்கு நான்கு எதிர் மின்னூட்டங்கள்: இரண்டு சல்போனேட், இரண்டு சல்பேட் எஸ்டர். சாயத்தொட்டியின் காரத்திலும் சூட்டிலும் அந்த எஸ்டர்கள் கழன்று வினைல் சல்போனாகி, துணியில் பிடிக்காத மிச்சம் நீரேறி ஹைட்ராக்சிஎதில் வடிவத்துக்குப் போய்விடும். கழிவுநீரில் இருப்பது இரண்டே மின்னூட்டம் உள்ள அந்த நீரேறிய வடிவம். நீங்கள் சோதித்த சாயமும் பட்டறை வெளியே விடும் சாயமும் ஒன்றல்ல. சோதனைக் கரைசலை பிஎச் 11-க்கு ஏற்றி 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, நடுநிலைக்குக் கொண்டுவந்து, அப்புறம் சோதியுங்கள்.

உப்பையும் சேருங்கள். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற லிட்டருக்குப் பத்துக் கணக்கான கிராம் சோடியம் சல்பேட்டோ சாப்பாட்டு உப்போ போடுகிறார்கள். அந்த உப்பு, கரிக்கும் சாயத்துக்கும் இடையே உள்ள மின் விலக்கத்தை மறைக்கும். உப்பில்லாத கரைசலில் கிடைக்கும் எண் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

இன்னொன்று: 1 முதல் 2 மி.மீ. மணியை 2 மணி நேரம் குலுக்கி அளந்தது சமநிலை அல்ல. துளைக்குள் சாயம் ஊர்ந்து போக நேரம் பிடிக்கும். கொள்ளளவு தெரிய வேண்டுமானால் கரியை அரைத்து 75 மைக்ரான் சல்லடையில் சலித்து, 24 மணி நேரம் குலுக்குங்கள். அரைப்பதால் கொள்ளளவு பெரிதாக மாறாது, வேகம் மட்டும் கூடும்.

---

மூட்டக்கரி:

மேலே சொன்னது சரி. ஆனால் செய்முறையிலும் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன, அவற்றை அடைக்காமல் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

விகிதம் முதலில். 85% அமிலம் 50 கிராம் எடுத்தால் அதில் சுத்த அமிலம் 42.5 கிராம்தான். நீங்கள் செய்தது 1:1 அல்ல, 0.85:1. இந்த விகிதத்தை எப்போதும் சுத்த அமிலத்துக்குத்தான் கணக்கிட வேண்டும். அமிலம் குறைந்தால் துளை சின்னதாகவே நின்றுவிடும். 1.5, 2 என்று கூட்டக் கூட்டத்தான் இடைத்துளை விரியும். செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து உட்காரும் பாலிபாஸ்பேட் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ, கழுவி எடுத்த பின் அவ்வளவு வெற்றிடம் மிஞ்சும்.

இரண்டாவது காற்று. 500 டிகிரியில் பாஸ்பாரிக் கரியின் விளைச்சல் சாதாரணமாக 40 முதல் 45%. உங்களுக்கு 29. மேலே சாம்பல் வேறு. மஃபிள் உலைக்குள் இருக்கும் காற்று மூடியிடுக்கில் புகுந்து கரியைத் தின்றிருக்கிறது. சின்னக் குகையை மூடி, அதை ஒரு பெரிய குகைக்குள் வைத்து, சுற்றியும் மேலேயும் சாதாரண அடுப்புக்கரித் துண்டுகளை நிரப்பி, பெரிய மூடியைப் போடுங்கள். புகும் ஆக்சிஜனை வெளிக்கரி வாங்கிக்கொள்ளும். உலையை 100 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை திறக்காதீர்கள். சூடான புதுக்கரி காற்றுப்பட்டால் தானாகவே கனலும்.

மூன்றாவது மூலப்பொருள். தொட்டிக்குள் அமிலம் லேசில் இறங்காது. அறை வெப்பத்தில் 24 மணி நேரம் ஊறினாலும் மணியின் நடுப்பகுதி வெறும் தொட்டியாகவே இருக்கும். பாஸ்பாரிக் வழிக்கு உலகம் முழுக்க மரத்தூளைத்தான் விரும்புகிறார்கள். நம் பக்கம் சீமைக்கருவேல மரத்தூள் தாராளமாகக் கிடைக்கும். நிலத்தடி நீரையும் மேய்ச்சல் நிலத்தையும் தின்கிற மரம் என்று வெட்டிக் குவிக்கிறோம், அதைத் தண்ணீர் சுத்தம் செய்யத் திருப்புவது நல்ல காரியம். பட்டை நீக்கிய கட்டைத்தூளாக வாங்குங்கள், பட்டையில் சாம்பல் அதிகம்.

அளவு சொல்கிறேன். 0.3 முதல் 1 மி.மீ. மரத்தூள், 105 டிகிரியில் உலர்த்தியது, 100 கிராம். சுத்த அமிலம் 150 கிராம் வேண்டும். அதாவது 85% அமிலம் 176.5 கிராம், அடர்த்தி 1.685 என்பதால் 105 மி.லி. இதை 80 மி.லி. தண்ணீரில் ஊற்றுங்கள். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. ஏறக்குறைய 60% கரைசல் கிடைக்கும். கையுறை போட்டு மாவு பிசைவது மாதிரி தூளோடு பிசையுங்கள், எங்கும் வெள்ளைத் திட்டு இருக்கக் கூடாது. மூடிவைத்து 80-85 டிகிரியில் 2 மணி நேரம். கலவை கறுத்துவிடும், பயப்பட வேண்டாம், அமிலம் மரத்தில் இருந்து நீரைப் பிரிக்கிறது என்று அர்த்தம். பிறகு மூடியைத் திறந்து 110 டிகிரியில் ஈரம் போகும் வரை.

உலையில் 170 டிகிரியில் 1 மணி நேரம் நிறுத்துங்கள். இந்தப் படியைத் தாண்டி ஓடினால் உப்பி வழியும். மரமும் அமிலமும் சேர்ந்து களி போல இளகி விரியும் நேரம் இது, குகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. அதன்பின் நிமிடத்துக்கு 3 முதல் 5 டிகிரி வீதம் 450 வரை, அங்கே 1 மணி நேரம். 500-க்குப் போக வேண்டாம்: 450-ஐத் தாண்டும்போது பாஸ்பேட் இணைப்புகள் அறுந்து, விரிந்த அமைப்பு சுருங்கத் தொடங்கும், துளை குறையும். வரும் ஆவியில் அமிலத்துளி, தார், கார்பன் மோனாக்சைடு எல்லாம் இருக்கும். புகைபோக்கி இல்லாத அறையில் செய்யவே கூடாது.

பீங்கான் குகையின் பளபளப்புப் பூச்சை பாலிபாஸ்பாரிக் அமிலம் அரிக்கும். நாலைந்து முறைக்கு மேல் ஒரே குகையைப் பயன்படுத்தினால் சிலிக்கா கரியோடு கலக்கும். குகையின் உட்புறம் சொரசொரப்பானதுமே மாற்றிவிடுங்கள்.

கழுவல் நீர் 7-க்கு வராது, வரவும் தேவையில்லை. கரியோடு பிணைந்த அமிலத் தொகுதிகள்தான் அந்த 4.2-ஐக் காட்டுகின்றன. எப்போது நிறுத்துவது என்பதை பிஎச் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பாஸ்பேட் பார்த்து முடிவு செய்யுங்கள். கழுவின நீர் 1 மி.லி. எடுத்து, சில துளி அடர் நைட்ரிக் அமிலம் விட்டு 3 நிமிடம் கொதிக்கவையுங்கள். பாலிபாஸ்பேட் உடைந்து பாஸ்பேட் ஆகும். இந்தக் கொதிப்பு இல்லாமல் சோதித்தால் பாதி பாஸ்பேட் ஒளிந்துகொள்ளும். அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் மஞ்சள் வீழ்படிவு வருகிறதா பாருங்கள். வராதபோது நிறுத்துங்கள். தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் இருக்கட்டும், குளிர்ந்த நீரில் 12 முறை கழுவுவதைவிட வெந்நீரில் 5 முறை மேல்.

முதல் இரண்டு கழுவலில்தான் அமிலத்தின் பெரும்பகுதி வெளியேறும். அதைக் கொட்டாமல் ஆவியேற்றிச் செறிவாக்கி அடுத்த தடவைக்குப் பயன்படுத்துங்கள். 150 கிராம் அமிலம் போட்டு 45 கிராம் கரி எடுத்தால் கிலோ கரிக்கு 3.3 கிலோ அமிலம். மீட்காமல் சாக்கடையில் விட்டால், சாயத்தை எடுக்கப் போய் குளத்துக்குப் பாஸ்பேட் ஊட்டி ஆகாயத்தாமரை வளர்த்த கதையாகிவிடும். பின்னால் வரும் நீர்த்த கழுவலைச் சுண்ணாம்பு போட்டு கால்சியம் பாஸ்பேட்டாகப் படியவையுங்கள்.

---

தேங்காய்த்தொட்டி:

இருவருக்கும் நன்றி. விகிதக் கணக்கில் இப்படித் தவறியது தெரியவே இல்லை. இரண்டு சந்தேகம். மரத்தூளில் செய்தாலும் பாஸ்பாரிக் கரி அமிலக் கரிதானே, எதிர்ச் சாயத்தைத் தள்ளாதா? மேற்பரப்பின் மின்னூட்டம் எந்த பிஎச்-இல் மாறுகிறது என்று எளிதாக அளக்க முடியுமா? பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பற்றியும் யாராவது சொல்லுங்கள், குழாய் உலை ஒன்று இருக்கிறது, நைட்ரஜன் சிலிண்டரும் உண்டு.

---

நுண்துளை:

அளக்கலாம், செலவே இல்லை. வாலை நீரைக் கொதிக்கவைத்துக் கரைந்த கார்பன் டைஆக்சைடை வெளியேற்றி ஆறவிடுங்கள். அதில் 0.01 மோலார் சோடியம் குளோரைடு கரைசல் செய்து, 50 மி.லி. வீதம் மூடியுள்ள குடுவைகளில் ஊற்றி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு தொடக்க பிஎச்-ஐ 2, 3, 4 என்று 11 வரை வையுங்கள். ஒவ்வொன்றிலும் 0.15 கிராம் கரி. மூடி 24 முதல் 48 மணி நேரம் குலுக்கி, இறுதி பிஎச்-ஐ அளவிடுங்கள். தொடக்கமும் இறுதியும் ஒன்றாக இருக்கும் புள்ளிதான் பூச்சிய மின்னூட்டப் புள்ளி. கரைசலின் பிஎச் அதற்குக் கீழே இருந்தால் கரி நேர் மின்னூட்டம், மேலே இருந்தால் எதிர். பாஸ்பாரிக் கரிக்கு இது பொதுவாக 2 முதல் 4-க்குள் விழும், நீராவியில் செய்த கரிக்கு 9, 10 பக்கம் வரும்.

ஆக உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: ஆமாம், மரத்தூள் கரியும் தள்ளும். துளை பெரிதானதால் முன்னைவிட மேம்படும், அவ்வளவுதான். அதைக் காரக் கரியாக மாற்ற, நன்றாகக் கழுவி உலர்த்திய கரியைக் குழாய் உலையில் நைட்ரஜனில் 800 முதல் 850 டிகிரி வரை ஏற்றி 1 மணி நேரம் வையுங்கள். கார்பாக்சில் தொகுதிகள் கார்பன் டைஆக்சைடாகவும், பீனால் வகைகள் கார்பன் மோனாக்சைடாகவும் கழன்றுவிடும். கொஞ்சம் துளை சுருங்கும், ஆனால் எலக்ட்ரான் செறிந்த கிராபைட் தளங்கள் வெளிப்படும். அசோ சாயத்தின் பென்சீன், நாப்தலீன் வளையங்கள் அந்தத் தளங்களில் ஒட்டும். கழுவாமல் இதைச் செய்தால் மிச்ச அமிலம் குழாயை நாசம் செய்யும். செய்து முடித்த கரியைக் காற்றுப்புகாத புட்டியில் வையுங்கள், திறந்து வைத்தால் ஆக்சிஜனை வாங்கி மெல்ல மெல்ல மறுபடி அமிலமாகும்.

நைட்ரஜன் விடும்போது கணக்குப் போடுங்கள். 5 செ.மீ. விட்டம், 1 மீட்டர் நீளக் குழாயின் கொள்ளளவு ஏறக்குறைய 2 லிட்டர். ஐந்து மடங்கு வாயு ஓட வேண்டுமானால் 10 லிட்டர், நிமிடத்துக்கு 200 மி.லி. என்றால் 50 நிமிடம். பத்து நிமிடம் விட்டுவிட்டுச் சூடேற்றினால் உள்ளே காற்று பாக்கி இருக்கும்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வழி இந்த வேலைக்கு வேண்டாம். 700-800 டிகிரியில் அது கரியை அரித்துத் தருவது பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் சிறிய துளைகள். பரப்பளவு 2000, 3000 என்று வரும், உண்மைதான். கார்பன் டைஆக்சைடு பிடிக்கவும் சூப்பர் கெபாசிட்டருக்கும் அருமையான பொருள். ஆனால் உங்கள் சாயம் நுழைய முடியாத அறைகளை எத்தனை கட்டினால் என்ன? கட்டுரைகளில் பரப்பளவை மட்டும் பார்த்துக் கரியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நிறைய உழைப்பை வீணாக்குகிறது.

ஆபத்தும் உண்டு. அந்த வினையில் பொட்டாசியம் உலோகமே பிறக்கிறது. 760 டிகிரி பக்கத்தில் அது கொதித்து, குழாயின் குளிர்ந்த நுனியில் போய்ப் படியும். ஆறியதும் திறந்து தண்ணீர் ஊற்றினால் தீப்பிடிக்கும். வேறு வேலைக்காகச் செய்ய நேர்ந்தால் நிக்கல் குகை வேண்டும், பீங்கானும் குவார்ட்சும் அரிக்கப்படும். உலை முழுக்க ஆறிய பின் நைட்ரஜனை நீர்க்குடுவை வழியாக ஈரமாக்கி மெல்லச் செலுத்தி, படிந்த உலோகத்தைச் சாகடித்த பிறகே திறக்க வேண்டும். அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

---

நொய்யல்கரை:

கரி செய்வதைப் பற்றி இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள், நான் தண்ணீர் பக்கம் இருந்து சொல்கிறேன்.

பிஎச் 10.4-இல் எந்தக் கரியும் சரியாக வேலை செய்யாது. பூச்சிய மின்னூட்டப் புள்ளி 9 உள்ள கரிகூட அங்கே எதிர் மின்னூட்டம்தான். கட்டுரைகளில் பிஎச் 2, 3-இல் 95% நிறநீக்கம் என்று போடுவார்கள். சோடா சாம்பல் கலந்த கழிவுநீரை அவ்வளவு கீழே இறக்க எவ்வளவு அமிலம் பிடிக்கும், அந்த அமிலத்தால் உப்பு எவ்வளவு கூடும் என்று எழுத மாட்டார்கள். நடுநிலையாக்கி, நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பும் முடிந்து வெளியே வரும் நீர், பிஎச் 7-8, அதை வாங்கிச் சோதியுங்கள். கரிக்கு இடம் அங்கேதான்.

ஏன் என்றால் கணக்கு அப்படி. நிறம் லிட்டருக்கு 100 மி.கி. சாயத்துக்குச் சமம், கரியின் கொள்ளளவு கிராமுக்கு 100 மி.கி. என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 1 கிராம் கரி. நாளுக்கு 1 லட்சம் லிட்டர் விடும் சின்னப் பட்டறைக்கு தினம் 100 கிலோ கரி வேண்டும். அந்தச் சாயம் ஏறிய ஈரக்கரியைத் தினமும் எங்கே கொட்டுவது? முன்னால் வேறு முறைகளில் நிறத்தைப் பத்தில் ஒன்றாக்கிவிட்டால், கடைசி மெருகுக்குக் கரி கட்டுப்படியாகும்.

கரி உப்பை எடுக்காது என்பதையும் உங்கள் அறிக்கையில் தெளிவாக எழுதுங்கள். நொய்யல் ஆற்றையும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததில் நிறத்துக்கு இருந்த பங்கைவிட உப்புக்குப் பங்கு பெரியது. நிறம் போய்த் தெளிந்த நீரைப் பார்த்து "சுத்தமாகிவிட்டது" என்று யாரும் வயலுக்கு விட்டுவிடக் கூடாது. இதில் கவனக்குறைவு வேண்டாம். கரி செய்யக் கூடியது, உப்பை எடுக்கும் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) இயந்திரத்துக்கு முன்னால் நின்று சவ்வு அடைபடாமல் காப்பது.

அளக்கும் முறை: நிஜக் கழிவுநீரில் பல சாயம் கலந்திருக்கும், ஒரே அலைநீளத்தில் அளந்தால் ஏமாறுவீர்கள். 436, 525, 620 நானோமீட்டர் மூன்றிலும் அளந்து மூன்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள். நீலம் போய் மஞ்சள் அப்படியே நிற்பது அடிக்கடி நடக்கும். கரி அளவு லிட்டருக்கு 0.5, 1, 2, 4, 8 கிராம் என்று ஐந்து குடுவை, கரி போடாத ஒரு குடுவை. அந்த ஆறாவது குடுவையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குலுக்கலிலேயே நிறம் மாறினால் அது கரியின் வேலை இல்லை என்பது அதில்தான் தெரியும்.

---

மூட்டக்கரி:

காரக் கரி நேரடியாக வேண்டுமானால் நீராவி வழியையும் பாருங்கள், அமிலமே வேண்டாம். குழாய் உலை இருக்கிறதே.

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் மூட்டம் போட்டு (விறகை அடுக்கி மண்ணால் மூடிச் சுட்டு) எடுக்கும் சீமைக்கருவேலங்கரியை வாங்கி 1 முதல் 3 மி.மீ. மணியாக உடையுங்கள். மூட்டத்தில் எல்லா இடமும் ஒரே சூடு ஏறாது, தார் மிச்சம் இருக்கும். அதனால் நைட்ரஜனில் 600-650 டிகிரியில் ஒரு மணி நேரம் மறுபடி சுட்டு எடுத்துத்தான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒவ்வொரு எண் வரும்.

100 கிராம் கரியில் பாதியை நீராவி தின்ன வேண்டும் என்று வையுங்கள். 50 கிராம் கார்பன் என்பது 4.2 மோல், அதற்குச் சமமான தண்ணீர் 75 கிராம். எல்லா நீராவியும் வினைபுரியாது, மூன்று மடங்கு கொடுங்கள். பம்பில் நிமிடத்துக்கு 2 மி.லி., 850 டிகிரியில் 2 மணி நேரம், மொத்தம் 240 மி.லி. தண்ணீர் குழாய்க்குள் சொட்டாக விழக் கூடாது, 150 டிகிரிக்கு மேல் சூடான சுருள் வழியாக ஆவியாகித்தான் நுழைய வேண்டும். சொட்டு விழுந்தால் செராமிக் குழாய் விரிசல் விடும். வெளியே வருவது ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும். மணமே இல்லாத விஷம். கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடும் ஏற்பாடு இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது, அறையில் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் வேண்டும்.

750 டிகிரிக்குக் கீழே வினை நத்தை மாதிரி நகரும். 950-ஐத் தாண்டினால் நீராவி உள்ளே போகும் முன்பே மணியின் வெளித்தோலைத் தின்றுவிடும், எடை குறையும், துளை வராது. எடை இழப்பு 30, 50, 65% என்று மூன்று கரி எடுத்துப் பாருங்கள். இழப்பு கூடக் கூடத் துளை அகலும், மணி உதிரும் தன்மையும் கூடும். மரக்கரியின் சாம்பலில் கால்சியம் அதிகம். நீராவி வினையில் அது துணைநின்று இடைத்துளையை அகலப்படுத்தும். தொட்டியின் சாம்பலில் பொட்டாசியம்தான் முதன்மை. ஒரே உலையில் ஒரே நேரம் சுட்டாலும் இரண்டும் வேறு வேறு கரி ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். முடிந்ததும் சாம்பல் போக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு முறை, வெந்நீரில் சில முறை கழுவுங்கள்.

தொட்டிக்கரியை வீசிவிடாதீர்கள். குடிநீர்க் குளோரின், வாடை, கரைப்பான் ஆவி என்று அதற்குத் தகுந்த வேலை நிறைய.

---

தேங்காய்த்தொட்டி:

மிக்க நன்றி. மரத்தூள் பாஸ்பாரிக் 1.5, அதையே 850-இல் சுட்டது, கருவேலங்கரி நீராவி 50% இழப்பு, பழைய தொட்டிக்கரி என்று நான்கையும் நீரேறிய சாயத்திலும் சுத்திகரித்த கழிவுநீரிலும் ஒப்பிடப் போகிறோம். கடைசியாக ஒன்று: மெத்திலீன் ப்ளூ அளக்கும்போது வடிதாளில் வடித்தோம். அந்த 210 சரியான எண்தானா?

---

நுண்துளை:

சந்தேகம்தான். வடிதாள் செல்லுலோஸ், மெத்திலீன் ப்ளூவை அதுவே குடிக்கும். தாள் நீலமாக மாறியிருந்தால் கரி எடுத்ததாக நீங்கள் எழுதியதில் ஒரு பங்கு தாள் எடுத்தது. நிமிடத்துக்கு 4000 சுற்றில் 10 நிமிடம் சுழற்றித் தெளிந்த நீரை எடுங்கள். ரியாக்டிவ் சாயத்துக்கு 0.45 மைக்ரான் வடிகட்டி போடலாம், ஆனால் கரியில்லாத சாயக் கரைசலையும் அதே வடிகட்டியில் வடித்து எவ்வளவு இழப்பு என்று பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். முதலில் வடியும் 5 மி.லி.யைக் கொட்டிவிடுங்கள்.

புட்டியையும் பாருங்கள். மெத்திலீன் ப்ளூ மூன்று நீர்மூலக்கூறு கொண்ட வடிவமாக விற்கப்படுவது உண்டு, எடை 373.9. அப்படியானால் நீங்கள் எடைபோட்ட 1 கிராமில் சாயம் 0.855 கிராம்தான், 210 என்பது 180 ஆகிவிடும். 664 நானோமீட்டரில் அளக்கும்போது லிட்டருக்கு 5 மி.கி.க்குக் கீழே வருமாறு நீர்த்துக்கொள்ளுங்கள். அடர்ந்த கரைசலில் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து உச்சம் 610 பக்கம் நகரும், நேர்க்கோடு வளைந்துவிடும். கண்ணாடிச் சுவரிலும் ஒட்டும் சாயம் இது, குவெட்டை ஒவ்வொரு அளவீட்டுக்கும் இடையே எத்தனாலில் அலசுங்கள்.